பழைய சாய்வு நாற்காலியா, புதியதா?

(இரண்டாம் ஆண்டு, இளமறிவியல் – தாவரவியல்)

சாய்வு நாற்காலியை அறியாத தமிழர் இலர். நான்கு கட்டைகளுக்கு நடுவே கோடு போட்ட துணியைத் தொங்கவிட்டு, பின்புறம் மூன்று பற்கள் வெட்டி, வேண்டிய அளவு சாய்த்து நிறுத்திக்கொள்ளும் எளிய வீட்டு நாற்காலியும் சாய்வு நாற்காலிதான். அதன் மேல்கழியை உருவி வைத்துவிட்டு, உட்கார வந்த மாமா தரையில் விழுவதைக் கண்டு சிரிக்காத பிள்ளைகள் கிராமத்தில் குறைவு. தேக்கில் கடைந்து, பிரம்பு பின்னி, காலைத் தூக்கி வைத்துக்கொள்ள இரு கைகளையும் முன்னால் நீளவிட்ட பெரிய வீட்டு நாற்காலியும் சாய்வு நாற்காலிதான். தோட்ட முதலாளிகளான வெள்ளையர் பங்களா முகப்பில் இட்டு அமர்ந்தமையால் அதற்கு ‘பிளாண்டர்ஸ் சேர்’ என்று பெயர் வந்தது. இந்த இரண்டாம் வகையையும், வெளிநாட்டில் புகழ்பெற்ற அதன் உறவினர் சிலவற்றையும் பற்றியதே இக்கட்டுரை. இவற்றில் பழையதை வாங்குவதா, இன்று செய்ததை வாங்குவதா என்பது கேள்வி.

இதைப் பற்றி எழுத உனக்கென்ன தகுதி என்று நண்பர்கள் கேட்கலாம். என் தந்தையார் தச்சர். செஞ்சியை அடுத்த தளவானூரில் எங்கள் வீட்டுத் திண்ணைதான் அவருக்குப் பட்டறை. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அவர் மரத்தைக் கையால் அறிவார். நான் இரண்டு ஆண்டுகளாக நுண்ணோக்கியின் வழியே அறியத் தொடங்கியிருக்கிறேன். இவ்விரண்டு அறிவும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டது சென்ற பொங்கல் விடுமுறையில்.

வெளியூர் வியாபாரி ஒருவர் சிறு வண்டியில் பழைய நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினார். செட்டிநாட்டு வீடொன்றில் வாங்கியது என்றார். வலக்கை முறிந்திருந்தது, பிரம்பு கிழிந்து தொங்கியது. அப்பா மூன்று நாளில் கையைச் சரிசெய்தார். ஒட்டுப் போட்ட இடம் தெரியாத அந்த வேலையைத் தடவிப் பார்த்த வியாபாரி, “ஆசாரி, இதே மாதிரி ஆறு செஞ்சு குடுங்க. ஆனா புதுசுன்னு தெரியக் கூடாது” என்றார். புதியதாகவே செய்தால் ஒரு விலை. பழையதாக்கித் தந்தால் அதைப்போல் மூன்று மடங்கு. தம்பியைத் தொழிற்பயிற்சி நிலையத்தில் சேர்க்க வேண்டிய நேரம் அது. என் விடுதிப் பாக்கியும் நின்றது. அப்பா “பார்க்கலாம்” என்றார். எங்கள் வீட்டில் ‘பார்க்கலாம்’ என்பது பாதிச் சம்மதம்.

அன்றிரவு சாப்பிடும்போது அவர் என்னைக் கேட்டார்: “ஏம்மா, நானும் அதே தேக்குலதான் செய்யறேன், அதே மாதிரிதான் செய்யறேன். பழசுக்கு மட்டும் ஏன் இந்த விலை?”

எனக்கு உடனே விடை சொல்லத் தெரியவில்லை. விடுமுறை முடிந்து நூலகத்திலும் ஆய்வகத்திலும் தேடியதை இங்கே எழுதுகிறேன்.

மரம் ஒன்றுதானா?

தேக்கின் தாவரவியற் பெயர் டெக்டோனா கிராண்டிஸ். இனம் ஒன்றே, ஆயினும் தேக்கெல்லாம் ஒரே தரமாக இருப்பதில்லை. தண்டின் நடுவே உயிர்ச்செயல் நின்று கெட்டிப்பட்ட பகுதியை வைரக்கட்டை என்றும், அதைச் சூழ்ந்து நீரைக் கடத்தும் வெளிறிய பகுதியைச் சாற்றுக்கட்டை என்றும் நம் பாடநூல் கூறும். அப்பா முன்னதை வைரம் என்பார், பின்னதை வெள்ளை என்பார். கரையானையும் பூஞ்சையையும் தடுக்கும் டெக்டோகுவினோன் முதலிய வேதிப்பொருள்கள் வைரத்திலேயே படிகின்றன. வெள்ளையில் அந்தக் காவல் இல்லாமையால் வண்டு துளைத்து மாவாக்கிவிடும். வெள்ளை குறைந்து வைரம் பெருக வேண்டுமானால் மரம் பல பத்தாண்டுகள் நிற்க வேண்டும்.

செட்டிநாட்டுப் பெருவீடுகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் எழுந்தபோது, பர்மாவின் இயற்கைக் காடுகளில் நின்ற முதுமரங்கள் அவற்றுக்காகக் கப்பலேறி வந்தன. தூணும் கதவும் போக எஞ்சியது நாற்காலி ஆயிற்று. அந்த வழி இன்று அடைபட்டுவிட்டது. மியான்மர் அரசு 2014 ஏப்ரல் முதல் உருட்டு மரமாக ஏற்றுமதி செய்வதைத் தடுத்துவிட்டது. நம் மரவாடிகளில் இன்று கிடைப்பதில் மிகுதி தோட்டத்தேக்கு. உள்நாட்டிலும் உண்டு, ஆப்பிரிக்காவிலிருந்தும் தென்னமெரிக்காவிலிருந்தும் வருவதும் உண்டு. தேக்கைத் தோட்டமாக வளர்ப்பது புதிய பழக்கம் என்று எண்ணிவிடலாகாது. கேரளத்து நிலம்பூரில் 1840-களிலேயே அது தொடங்கிவிட்டது. வேறுபாடு பொறுமையில் இருக்கிறது. இன்று இருபது ஆண்டு ஆகுமுன்பே வெட்டுகிறார்கள்; பலகையின் ஓரத்தில் வெள்ளை பட்டையாக நிற்கிறது.

இங்கே ஒரு பொதுநம்பிக்கையைத் திருத்த வேண்டியிருக்கிறது. வேகமாக வளர்ந்த தேக்கு வலுவற்றது என்பர். தேக்கு வளையத் துளைக்கட்டை வகையைச் சார்ந்தது. ஒவ்வோர் ஆண்டு வளையத்தின் தொடக்கத்தில் பெரிய துளைகளும், பின்பகுதியில் நெருக்கமான நார்களும் அமைகின்றன. மரம் வேகமாக வளரும் ஆண்டில் பெரும்பாலும் இந்த நெருக்கமான பகுதியே அகலப்படுகிறது. ஆதலால் வளையம் அகன்றிருப்பதாலேயே மரம் நொய்ந்தது என்று சொல்ல முடியாது. இளமரத்தின் குறை அதன் வலுவில் அவ்வளவாக இல்லை. வைரம் குறைவதாலும் பூச்சிக்கு இடம் கொடுப்பதாலும் வருவதே அது. இதை அப்பாவிடம் சொன்னபோது, “அதனாலதான் நான் வெள்ளைய செதுக்கித் தள்ளிடறேன்” என்றார். வெள்ளை முழுதும் நீக்கி வைரத்தில் மட்டும் செய்த புதிய நாற்காலி பழையதற்குப் பெரிதும் இளைத்ததன்று. ஆனால் அப்படிச் செய்தால் கழிவு மிகுதி, விலை ஏறும். குறைந்த விலைக்குப் புதிய தேக்கு நாற்காலி என்று ஒருவர் விற்றால், அடிப்பக்கத்தைத் திருப்பி வெள்ளை எவ்வளவு என்று பார்ப்பது நலம்.

வயதைக் கண்டுகொள்வது

பழுதுபார்க்க வந்த அந்த நாற்காலி எங்கள் திண்ணையில் இருந்த நாட்களில் அதைச் சோதிக்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. எங்கள் இயற்பியல் துறையில் முன்பே அனுமதி கேட்டு ஒரு வெர்னியர் அளவியை வாங்கி வந்திருந்தேன். (அதைத் திருப்பிக் கொடுக்கும்வரை அம்மா அதைப் பூசையறையில் வைத்திருந்தார்.)

மரம் உலரும்போது எல்லாத் திசையிலும் ஒரே அளவாகச் சுருங்குவதில்லை. பச்சைத் தேக்கு முற்றும் உலரும்வரை ஆண்டு வளையத்தின் போக்கில் ஏறத்தாழ 5.8 விழுக்காடும், மையத்திலிருந்து பட்டையை நோக்கிய ஆரத்திசையில் ஏறத்தாழ 2.5 விழுக்காடும் சுருங்கும். ஆகவே வட்டமாகக் கடைந்த கால், பல ஆண்டுகளில் காற்றின் ஈரத்துக்கேற்ப மேலும் உலர்ந்து, கண்ணுக்குத் தெரியாத அளவில் முட்டை வடிவாகிறது. அந்த நாற்காலியின் கடைசல் காலை ஒரு திசையிலும் அதற்குச் செங்குத்தான திசையிலும் அளந்தேன். 40 மில்லிமீட்டர் அளவிலான காலில் 0.4 மில்லிமீட்டர் வேறுபாடு இருந்தது. அப்பா அந்த வாரம் கடைந்த கட்டிற்காலில் வேறுபாடே இல்லை. எனக்கு உண்டான மகிழ்ச்சிக்கு அளவில்லை. “சரியா உலராத மரத்துல கடைஞ்சா ஒரே வருசத்துல கோணிக்கும், அதுக்கென்ன சொல்லுவ?” என்றார் அப்பா. உண்மைதான். ஒரு சோதனையை மட்டும் நம்பக் கூடாது.

வேறு சோதனைகளும் உண்டு. கூட்டல் குறி போன்ற தலையுள்ள திருகாணி 1930-களில்தான் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றுப் புழக்கத்துக்கு வந்தது. நூறாண்டு நாற்காலி என்று சொல்லி அதில் அத்தகைய ஆணி இருந்தால், பின்னாளில் பழுதுபார்த்திருக்க வேண்டும், அல்லது சொல்வது பொய்யாக இருக்க வேண்டும். மெருகையும் பார்க்கலாம். பழைய மெருகு அரக்கைச் சாராயத்தில் கரைத்துப் பூசியது. மறைவான இடத்தில் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் தேய்த்தால் பஞ்சில் ஒட்டிவரும். இன்றைய மெலமைன் மெருகு அப்படிக் கரையாது. நாற்காலியைச் செய்தித்தாளின் மேல் வைத்துத் தட்டினால் புதிய மரமாவு உதிர்கிறதா என்று பார்க்க வேண்டும். உதிர்ந்தால் உள்ளே வண்டு உயிரோடிருக்கிறது. விலை எவ்வளவு குறைந்தாலும் அதை வீட்டுக்குள் விடக் கூடாது.

பிரம்பைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். பிரம்பு ஏறிப் படரும் ஒருவகைப் பனைக் குடும்பத் தாவரம். அதன் மேற்பட்டையைச் சீவி நாற்காலி பின்னுகிறார்கள். பார்வையற்றோர் பள்ளிகளில் இத்தொழில் நெடுங்காலமாகக் கற்பிக்கப்பட்டு வந்தது. அப்பா வேலைகளுக்குப் பின்னித் தரும் பெரியவரும் பார்வையற்றவரே. இந்த நாற்காலியின் சட்டத்தை அவர் விரலால் தடவிவிட்டு, “துளையோட வாயெல்லாம் தேஞ்சிருக்கு. ரெண்டு மூணு தரம் மாத்திப் பின்னியிருக்காங்க” என்றார். நாம் ‘அசல்’ என்று சொல்லும் பழைய நாற்காலியில் நாம் உட்காரும் பகுதி அசலாக இருப்பது அரிது என்பதை வெர்னியர் அளவி எனக்குச் சொல்லவில்லை. அவர் விரல் சொன்னது.

முறிந்த கையைக் கழற்றியபோது அப்பா இன்னொன்றைக் காட்டினார். கழுந்திலும், அது நுழையும் துளையின் ஓரத்திலும் உளியால் போட்ட மூன்று சிறு கோடுகள் இருந்தன. எதிர்க்கையில் இரண்டு. எந்தக் கழுந்து எந்தத் துளைக்கு என்று தச்சர் தமக்காக இட்டுக்கொள்ளும் அடையாளம் அது. அப்பாவும் அப்படியேதான் போடுவார். ஊரும் பேரும் தெரியாத ஒருவர் எழுதி வைத்த கடிதத்தைப் படிப்பவர்போல அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் செய்த ஒன்று

இதைச் சொல்லாமல் விட்டால் கட்டுரை நேர்மையாகாது. புதிய மரத்தைப் பழையதுபோல் கருக்கச் செய்வது எப்படி என்று அப்பா யோசித்துக்கொண்டிருந்தார். தேயிலைச் சாறு பூசிப் பார்த்தார், திருப்தியில்லை. பொட்டாசியம் பெர்மாங்கனேட் என்று நான் சொன்னேன். மருந்துக்கடையில் கிடைக்கும் அந்த ஊதா நிறப் படிகத்தைத் தண்ணீரில் கரைத்து மரத்தில் பூசினால், அது மரத்தை ஆக்சிஜனேற்றம் செய்து, தான் மாங்கனீசு டைஆக்சைடாக மாறிப் பழுப்பாகப் படியும். ஒரு துண்டுக் கட்டையில் பூசிக் காட்டினேன். ஊதா, சற்று நேரத்தில் ஐம்பதாண்டுப் பழுப்பாயிற்று. மேலே மெழுகு தேய்த்ததும் பழைய நாற்காலியின் அருகே வைத்தால் அப்பாவுக்கே வேறுபாடு தெரியவில்லை. மறுநாள் வந்த வியாபாரி அதைப் பார்த்துவிட்டு, “படிச்ச பொண்ணு வீட்ல இருந்தா எவ்வளவு வசதி பாருங்க” என்று சிரித்தார்.

முதல் மதிப்பெண் பெற்றபோதுகூட எனக்குக் கிடைக்காத பாராட்டு அது. அன்று முழுதும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

சண்டிகரின் நாற்காலிகள்

நிற்க. பழமைக்கு விலை ஏறுவது எவ்வாறு என்பதை அறியச் சண்டிகர் நகரத்தின் கதையைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இந்தியாவில் இல்லை எனலாம். நாடு பிரிக்கப்பட்டபின் பஞ்சாபுக்குப் புதிய தலைநகர் அமைக்கும் பணியில் லெ கொர்புசியேவுடன் அவருடைய உறவினர் பியேர் ஜான்னரே 1951-இல் இந்தியா வந்தார். கொர்புசியே வந்துபோய்க் கொண்டிருக்க, ஜான்னரே 1965 வரை அங்கேயே தங்கினார். 1967-இல் அவர் மறைந்தபின், அவர் விருப்பப்படியே அவரது சாம்பல் சண்டிகரின் சுக்னா ஏரியில் கரைக்கப்பட்டது. அலுவலகங்களுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் குடியிருப்புகளுக்கும் ஆயிரக்கணக்கில் இருக்கைகள் வேண்டியிருந்தன. உள்ளூரில் கிடைத்த தேக்கும் பிரம்பும் கொண்டு, கவராயம் விரித்தாற்போன்ற கால்களுடன், எந்தத் தச்சரும் செய்யக்கூடிய எளிய வடிவங்களை அவரும், யூலி சௌத்ரி முதலிய இந்தியக் கட்டடக் கலைஞர்களும் உருவாக்கினர். வட்டாரப் பட்டறைகளில் அவை செய்யப்பட்டன. துறையின் பெயரும் எண்ணும் கட்டையில் வண்ணத்தால் எழுதப்பட்டன.

பிற்காலத்தில் எஃகு நாற்காலியும் பிளாஸ்டிக் நாற்காலியும் வந்தபோது, இவை மொட்டை மாடிகளிலும் கிடங்குகளிலும் குவிந்தன. கழிவுப் பொருளாக ஏலம் போயின. வெளிநாட்டு வணிகர்கள் அவற்றை வாங்கிச் செப்பனிட்டு ஐரோப்பிய, அமெரிக்க ஏல மன்றங்களில் பெருந்தொகைக்கு விற்றனர். இங்கே கழிவாகக் கணக்கெழுத உதவிய துறை எண்ணே அங்கே அசலுக்குச் சான்றாயிற்று. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் பொதுவாக நூறாண்டு கடந்த பொருள்களையே காக்கும். இவற்றுக்கு அந்த வயதில்லை. 2011-இல் மத்திய உள்துறை அமைச்சகம் இவற்றை விற்பதற்குத் தடை விதித்தது. அதற்குள் எத்தனையோ கடல் கடந்துவிட்டன. விலை ஏறியதும் போலிகளும் பெருகின.

புதியவையும் வந்தன. இத்தாலியின் கஸ்ஸினா நிறுவனம் 2019-இல் ஜான்னரேயின் நினைவாக என்று வெளிப்படையாகச் சொல்லியே புதியவற்றைச் செய்து விற்கத் தொடங்கியது. பெங்களூரின் ஃபேன்டம் ஹேண்ட்ஸ் நிறுவனமும் நம் நாட்டுத் தச்சர்களைக் கொண்டு அவ்வடிவங்களைச் செய்கிறது. இவை தம்மைப் பழையவை என்று சொல்லிக்கொள்வதில்லை.

என்னை உறுத்தியது வேறொன்று. ஜான்னரே பெயர் தெரிகிறது. இழைப்புளி பிடித்த கைகளுக்குரியவர்களின் பெயர் பெரும்பாலும் எங்கும் இல்லை. எங்கள் ஊர்க் குன்றிலுள்ள குடைவரையும் அப்படித்தான். ஏழாம் நூற்றாண்டில் அதைக் குடைவித்த மகேந்திரவர்மனின் விருதுப்பெயரால் அது சத்துருமல்லேசுவரம் ஆயிற்று. முகப்பில் மகர தோரணத்தை அவ்வளவு நுட்பமாகச் செதுக்கியவரின் பெயரை நாங்கள் அறியோம். செங்கல்லும் மரமும் உலோகமும் சுதையும் இன்றி ஆக்கியது என்று அதே அரசன் மண்டகப்பட்டுக் கல்வெட்டில் பெருமைப்படுகிறான். அதற்கு முன் மரத்தில் வேலை செய்த தச்சர் இருந்தனர் என்பதற்கு அந்த வரியே சான்று. அவர்கள் செய்தது எதுவும் மிஞ்சவில்லை.

எதை வாங்குவது?

அமெரிக்காவின் சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் 1956-இல் வெளியிட்ட தோல் மெத்தைச் சாய்விருக்கை உலகறிந்தது. இவர்களே 1958-இல் இந்திய அரசுக்கு அளித்த அறிக்கையின் பயனாக 1961-இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்றிற்று என்பதையும் சேர்த்து அறிய வேண்டும். அந்த இருக்கை இன்றும் முறைப்படி தயாராகிறது. ஆதலால் பழையதும் புதியதும் அசல்தான். பழையதில் பிரேசில் தோதகத்தி மரம். அது அழியும் நிலையை எட்டியதால் 1992-இல் பன்னாட்டு வணிகம் தடுக்கப்பட்டது. இன்று வேறு மரம் இடுகிறார்கள். நம் மலைகளில் வளரும் தோதகத்தி அம்மரத்தின் நெருங்கிய உறவு. அதைக் காக்கத் தமிழ்நாட்டில் 1994-இலேயே தனிச் சட்டம் வந்தது. பழைய ஈம்ஸின் ஓடு ஐந்தடுக்கு, புதியது ஏழடுக்கு. பழையதில் முதுகோட்டை இணைக்கும் ரப்பர் வில்லைகள் வயதாகி விட்டுப்போனால், சாய்பவரோடு முதுகுப் பலகையும் முறியும். மனிதர் உயரம் கூடிவிட்டதால் புதியதில் பெரிய அளவும் கிடைக்கிறது.

இவற்றையெல்லாம் வைத்துப் பார்க்கையில், நாள்தோறும் உட்காருவதற்குப் புதியதே ஏற்றது என்பது என் கருத்து. நம் பழைய சாய்வு நாற்காலிகளில் இருக்கை தாழ்ந்து முழங்கால் உயர்ந்து நிற்கும். முழங்கால் வலியுள்ள பெரியவர் ஒருவர் பிறர் கைகொடாமல் எழ முடியாது. புதியதைச் செய்யச் சொல்பவர் தம் கால் உயரத்தைச் சொல்லி ஒரு சாண் உயர்த்திக்கொள்ளலாம். உடைந்தால் செய்தவரையே கூப்பிடலாம். இனிக் கிடைக்காத மரத்துக்காகவும் வேலைப்பாட்டுக்காகவும் பழையதை வாங்கலாம். காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருப் போன்ற இடங்களில் நின்று நிதானமாகப் புரட்டிப் பார்த்து வாங்க வேண்டும். வீட்டில் பாட்டனார் நாற்காலி பரணில் கிடந்தால் கடைக்குப் போகவே வேண்டாம். ஒரு தச்சரையும் பிரம்பு பின்னுபவரையும் அழைத்தால் போதும். பழையதுபோல் கறுக்கப் பூசிய புதியதை மட்டும் எந்த விலைக்கும் வாங்காதீர்கள். அதைப் பூசிய ஒருத்தி சொல்கிறேன்.

அப்பா ஆறு நாற்காலிகளையும் செய்தார். நல்ல வைரத்தில், வெள்ளை முழுதும் தள்ளி, மாசி முழுதும் உழைத்தார். பெர்மாங்கனேட்டு டப்பாவை நான் எடுத்துக் கொடுத்தபோது வாங்கிப் பரணில் வைத்துவிட்டார். “கைய மாத்தின நாற்காலியில மூணு கோடு பார்த்தயே. அவன் தன் வேலைய அடையாளம் வெச்சிட்டுப் போயிருக்கான். நான் செஞ்சத நான் செய்யலன்னு சொல்லணுமா?” என்றார். அவ்வளவுதான் அவர் பேசியது. ஒவ்வொன்றின் இருக்கைச் சட்டத்தின் அடியிலும் ‘தளவானூர்’ என்றும், அதன் கீழே ஆண்டையும் உளியால் வெட்டினார். எழுத்து கோணலாக இருக்கிறதா என்று என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். ‘ளகரம்’ சற்றுச் சாய்ந்திருந்தது. நான் சரியாக இருக்கிறது என்றேன்.

வியாபாரி வந்து திருப்பிப் பார்த்தார். முகம் மாறிற்று. அடிச்சட்டத்தை இழைத்துவிட்டால் ஆறையும் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். அப்பா மறுத்தார். இரண்டை மட்டும் புது நாற்காலி விலைக்கு வாங்கிக்கொண்டு போனார். தம்பி தொழிற்பயிற்சி நிலையத்தில் சேர்ந்துவிட்டான். அதற்கு அம்மாவின் தோடு போயிற்று. என் விடுதிப் பாக்கியில் பாதி நிற்கிறது.

மீதி நான்கும் எங்கள் திண்ணையில் இருக்கின்றன. ஒன்றை எங்கள் ஊரிலேயே ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கேட்டிருக்கிறார். தமக்கு முழங்கால் வலி, காலை இரண்டு அங்குலம் உயர்த்தித் தர முடியுமா என்றார். இரண்டுக்கு இன்னும் பிரம்பு பின்ன வேண்டும்.